தகரம் அடித்த வீடு

உப்போடைக்காரர்களிடம் போய், உங்கள் ஊரில் ஒரு வீடு எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போனதாமே என்று கேட்டுப் பாருங்கள், வாயிலிருந்து பீடியைக்கூட எடுக்காமல் "ஆமா, போச்சு, அதுக்கென்ன இப்ப?" என்பார்கள், எந்த வழியாகப் போனது, எவள் காயப்போட்ட வடகத்தை மிதித்தது, எந்தக் கம்பத்து வயரை அறுத்தது என்பதையெல்லாம் நேற்று நடந்தது போல ஒப்பிப்பார்கள், ஏன் போனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை ஏறிவிடும். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்லதண்ணிச் சந்து ஒரு முட்டுச்சந்து. பெரிய ரோட்டிலிருந்து நுழைவதற்கு ஒரே வாய், கடைசியில் பஞ்சுமில்லின் மதில், இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்தச் சந்தின் நடுவில் உலகநாதபிள்ளையின் வீடு இருந்தது. அவர் தவசிப்பிள்ளை, கல்யாணச் சமையல்காரர்; உப்போடையில் எந்தக் கழுத்தில் தாலி ஏறினாலும் அன்றைய சாம்பார் அவர் கை சாம்பார்தான். சமைத்ததோடு விடமாட்டார், கரண்டியை வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தி வாசலில் வந்து நின்று, "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று பெண்ணைப் பெற்றவனைவிட உரிமையாகக் கூப்பிடுவார். அவர் பெண்டாட்டி காந்திமதி அவருக்கும் ஒரு படி மேலே. வாசற்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, பால்காரன், கரண்டு ரீடிங் எடுக்கிறவன், வழி தெரியாமல் சந்துக்குள் நுழைந்து திரும்புகிறவன் என்று கண்ணில் பட்ட எல்லாரையும் "வாங்க" என்பாள்.

அந்தச் சந்தில் "வாங்க" என்பது சும்மா ஒரு வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். பகையாளியே ஆனாலும் வாசல் நிலையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டால் முதலில் "வாங்க", அதற்கப்புறம்தான் சண்டை. பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகம் ஆசாரி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மச்சினன் வீட்டுக்குப் போனபோது, அந்த மச்சினன் கிரிக்கெட்டில் கண்ணை நட்டிருந்தவன், "வாங்கத்தான்" என்று சொல்ல மறந்துவிட்டான். அவ்வளவுதான், பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிய ஆசாரி, அந்த மச்சினன் செத்துக் கிடந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. "வான்னு ஒரு வார்த்தை சொல்லாத வாசலை நான் ஏன்யா மிதிக்கணும்?" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவர்.

உலகநாதபிள்ளை வீட்டுக்கு நிலை வைத்ததும் இதே ஆசாரிதான். நாள் பார்த்து, மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்டு நிறுத்தினார். வேட்டியும் துண்டும் வெற்றிலைபாக்கும் வாங்கிக்கொண்டு, "பிள்ளைவாள், நிலையைக் கொஞ்சம் தணிச்சே வச்சிருக்கேன், கலெக்டரே வந்தாலும் உம்ம வீட்டுக்குள்ள தலையைக் குனிஞ்சுதான் வரணும்" என்று பெருமை பேசினார். நிலை என்றால் வீட்டுக்கு உயிர். கழுத்தில் கத்தி வைத்தாலும் ஒரு ஆசாரி நிலையில் ஆணி அடிக்க மாட்டான் என்பது சாத்திரம்.

அந்த வருசம் காய்ச்சல் வந்தது. டிவிக்காரர்கள் அந்த வைரசுக்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள், உப்போடையில் "அது" என்றார்கள். வெளிமாநிலத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போய்த் திரும்பிய உலகநாதபிள்ளைக்குத்தான் ஊரில் முதலில் "அது" வந்தது, அடுத்து காந்திமதிக்கு. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது சந்தில் ஒரு கதவு திறக்கவில்லை, ஒரு ஜன்னல் மூடவில்லை, எல்லா ஜன்னல் வழியாகவும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். காந்திமதி ஏறும்போது பழக்கதோசத்தில் திரும்பி, "போயிட்டு வாரோம், வீட்டைப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டார்கள், ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். முனிசிபாலிட்டி ஆள் வாசலை அடைக்கத் தகரத்தோடு வந்து கயிற்றை எடுத்தபோது, பிரம்மநாயகம் ஆசாரி பட்டறையிலிருந்து சுத்தியலோடு இறங்கி வந்தார். "கயிறு காத்துக்கு ஆடும்யா, ஆடுனா உள்ள இருக்கிற சனியன் வெளிய வரும், தள்ளு" என்று சொல்லி, தான் மஞ்சள் பூசி நிறுத்திய அதே நிலையின் மேல்சட்டத்தில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, காந்திமதி காலையில் வைத்த குங்குமத்தின் மேலேயே விரல் நீள ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். ஒரே ஆணி, உத்தரத்துக்கு அடிக்கிற ஆணி. ஜன்னல்களுக்குள் இருந்து கைதட்டல் கேட்டது.

இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள் சாராள். அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், ஆசாரி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள், ஒண்டிக்கட்டை, மூக்குக்கு மேல் கோபம். மாடியில் தண்ணீர் ஏறாது, வெயில் காலத்தில் தரை கொதிக்கும், இருந்தும் அவள் வேறு வீடு பார்க்காததற்கு ஒரே காரணம், டியூட்டி முடிந்து சந்துக்குள் நுழைகிறபோதெல்லாம் காந்திமதி அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி, "வா தாயி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்பாள். நாள் முழுக்க ஊராரின் ஏச்சும் சீழும் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு "வா" போதும்.

பிரேத அறையை ஒட்டியிருந்த பழைய ஸ்டோர் ரூமைக் கழுவி, நாலு கட்டில் போட்டு, தனி வார்டு என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால் வேர்வை காலணிக்குள் குளம் கட்டும், கண்ணாடி ஆவி பிடித்துப்போகும், ஒன்றுக்குப் போக முடியாது. மற்ற நர்சுகளுக்குத் திடீர் திடீரென்று முதுகுவலி வந்தது. சாராள்தான் போனாள். கேன்டீன்காரன் சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே மண்ணில் வைத்துவிட்டு ஓடினான், பிறகு அதையும் நிறுத்திவிட்டான். ஊருக்கே இலை போட்ட மனுசன் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு கிடந்தார். "உங்க கையால தின்ன ஊரு ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்து விடலையே மாமா, இதுக வெளங்குமா?" என்று சாராள் பல்லைக் கடித்தாள். உலகநாதபிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து, "பயத்துல இருக்காக தாயி, ஏசாத" என்றார். அவளுக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

விரலில் மாட்டிய கிளிப்பில் நம்பர் இறங்கும்போதெல்லாம் இரண்டு பேரையும் குப்புறப் படுக்கச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நெஞ்சுக்குக் காற்று போகும் என்று டாக்டர் கபிலன் சொல்லியிருந்தார். பிள்ளை படுத்தார். காந்திமதி படுக்கவில்லை. "பொம்பளை குப்புறப் படுத்தா கட்டுனவனுக்கு ஆகாது, போ அங்கிட்டு" என்று ஆக்சிஜன் குழாயோடு மல்லாந்தே கிடந்து மூச்சுக்குத் தவித்தாள். சாராள் கெஞ்சினாள், மிரட்டினாள், மாத்திரையைத் தரையில் வீசினாள், அவள் அசையவில்லை.

உலகநாதபிள்ளை ஒரு மத்தியான வேளையில் செத்துப்போனார். பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்த காந்திமதி தலையைத் திருப்பிப் பார்த்தாள், அழவில்லை, அங்கிக்காரர்கள் வந்து அவரை ஜிப் வைத்த பைக்குள் போட்டு எடுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் யாரும் சொல்லாமல் தானாகவே புரண்டு குப்புறப் படுத்தாள். "இனி யாருக்கு ஆகாமப் போகப்போகுது" என்றாள். ஆவி பிடித்த கண்ணாடிக்குள் சாராள் அழுதாள், துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

அன்று சாயங்காலம் காந்திமதி அவள் கையைப் பிடித்தாள். "தாயி, எனக்கு ரெண்டே ரெண்டு ஆசைதான். செத்தவுகளுக்கு வீட்டுல ஒரு வெளக்கு எரியணும். அடைச்ச வீட்டுல இருட்டுக்குள்ள எங்க வந்து நிப்பாக? அப்புறம், பிழைச்சேன்னா நான் என் வாசப்படியில போய் உக்காரணும்." சாராள் இரண்டுக்கும் சத்தியம் பண்ணினாள். அவள் சாமி வேறு, இவள் சாமி வேறு, ஆனாலும் கையில் அடித்துப் பண்ணினாள்.

பண்ணிவிட்டுச் சந்துக்குப் போனாள். சந்து வாயிலேயே கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள், முள்ளுக்கு அந்தப் பக்கம் ஆசாரியும் சந்துக்காரர்களும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முள்ளுக்கு இந்தப் பக்கம் அவளுடைய பெட்டியும் படுக்கையும் ஒரு பிளாஸ்டிக் குடமும் நடுரோட்டில் கிடந்தன.

"ஏம்மா சாராளு, நீ நல்ல பிள்ளைதான், இருந்தாலும் நாலு பேரு குடியிருக்கிற இடம் பாரு" என்றார் ஆசாரி.

"பெட்டியை விடுங்க அண்ணாச்சி. பிள்ளைவாள் செத்துப்போனாக. அந்தத் தகரத்தைக் கழட்டிட்டு உள்ள ஒரு வெளக்கை மட்டும் ஏத்தி வச்சிருங்க, நான் உங்க காலுல வேணும்னாலும் விழுதேன்."

கூட்டம் மூக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அந்த ஆளு செத்தா எங்களுக்கு என்ன? ஊருக்கே கொண்டாந்து சேத்தான்ல" என்றது, அதோடு எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது.

"தகரத்துல கை வைக்க முடியாது" என்றார் ஆசாரி. "அந்தம்மாவும் இனி இங்க வர வேண்டாம்னு சொல்லிரு. பிழைச்சா வேற ஊரு பாத்துக்கிடட்டும். அடிச்ச ஆணி அடிச்சதுதான்."

"நிலையில ஆணி அடிச்ச கை, நீங்க பேசுதீக" என்று சாராள் கத்தினாள். பதிலுக்கு முள்ளுக்கு மேலாக ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் வந்து அவள் மேல் விழுந்தது. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, நாசமாப் போங்கடா என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடிந்து, பால் வண்டி போகிற நேரத்துக்கு, வீடு எழுந்தது. மழைத் தண்ணீரைத் தாண்டுகிற பொம்பளை கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்கிற மாதிரி அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சுவரையும் தன்னோடு பிய்த்துக்கொண்டு, அடுக்களையில் இருந்த அண்டாவும் குண்டாவும் தாம்பாளமும் கடகடகடவென்று உருள, ஓட்டிலிருந்து தூசி கொட்ட, சந்து வாயிலிருந்த முள்ளை மிதித்துத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. காலைப் பஸ் எதிரே வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். வீடு இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. பஸ் போன பிறகு மறுபடி நடந்தது. போகிற வழியில் இரண்டு வீட்டு வடகம், ஒரு மிளகாய்க் களம், ஒரு கட்சிக் கொடிக்கம்பம் போயின. ஆஸ்பத்திரிக் கேட் ஒடுக்கம் என்பதால் மதிலில் கொஞ்சம் இடித்துக்கொண்டு உள்ளே போய், தனி வார்டு ஜன்னலுக்கு நேரே தன் கூடத்து ஜன்னல் வருகிற மாதிரி திரும்பி, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது.

சாராள் கட்டிலடியில் பெட்டியில் தலை வைத்துத் தூங்கியவள், சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்து பார்த்தாள். ஆக்சிஜன் சிலிண்டர் திருப்புகிற ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் தகரத்தை நெம்பிக் கிழித்தாள். தகரம் வந்தது, ஆணி வரவில்லை, அது நிலைக்குள் கிடந்தது கிடந்தபடி இருந்தது. உள்ளே போய்க் கூடத்து மாடத்தில் விளக்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஏற்றினாள். ஜன்னல் வழியாகக் காந்திமதி குப்புறப் படுத்தபடியே தலையைத் திருப்பி அந்த விளக்கைப் பார்த்தாள். புருசன் செத்ததிலிருந்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

டாக்டர் கபிலன் ரவுண்ட்சுக்கு வந்தார், வீட்டை மேலும் கீழும் பார்த்தார், "அடுக்களையில கேஸ் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். இருந்தது. அன்றைக்கே சாராள் பிள்ளையின் பெரிய குண்டாவில் கஞ்சி வைத்தாள். வார்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு லாரி டிரைவரும் காந்திமதியும் வெகுநாளைக்குப் பிறகு சூடாகக் குடித்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? அன்றைக்கு மத்தியானத்துக்குள் உப்போடை முழுக்க, வீடு நடந்ததைப் பற்றி ஒருத்தன் ஆச்சரியப்படவில்லை, ஒவ்வொருவனுக்கும் ஒரு குறை இருந்தது. வடகக்காரி நஷ்டஈடு கேட்டாள். கட்சிக்காரர்கள் கொடிக்கம்பத்துக்காகச் சாலைமறியல் செய்தார்கள். வீடு நடந்த பாதை நெடுகக் கிருமி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் தெளித்தார்கள், தெளித்த பாதையிலேயே கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நடக்கத் தெரிஞ்ச வீடுன்னா முன்னாலயே சொல்லியிருக்கணும்லா, இப்படிக் கமுக்கமா இருந்தா என்ன அர்த்தம்?" என்றார் ரேசன் கடைக்காரர். தாசில்தார் ஜீப்பில் வந்து, அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு என்று வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். வீடு சுவரைச் சிலிர்த்தது, நோட்டீஸ் உதிர்ந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி உதிர்ந்தது. "ஒட்டினதாக எழுதிக்கோ" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்திசந்தியில் சிலர் மதிலுக்கு வெளியே நின்று கல்லெறிந்து ஓடு உடைத்தார்கள். எறிந்தவர்களில் பாதிப்பேர் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு பரிமாறியவர் உலகநாதபிள்ளைதான்.

சந்துக்காரர்களுக்கோ வேறு கவலை. நடுவில் ஒரு வீட்டுமனை காலியாகக் கிடந்தது. வீடு இரண்டு பக்கத்துச் சுவரையும் கொண்டுபோய்விட்டதால் ஆசாரியின் பட்டறை திறந்த மேனிக்கு நின்றது, குளியலறைக்கு ஒரு பக்கம் மறைப்பே இல்லை, ஆசாரி பெண்டாட்டி சேலையைத் திரையாகக் கட்டிக் குளித்தாள். "என் சுவரைத் திருடிட்டுப் போயிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆசாரி, அந்தச் சாக்கில் பட்டறையைக் காலிமனைக்குள் நீட்டிக் கொட்டகை போட்டார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சந்தே கூடி யோசித்து, கொட்டகைக்கு முன்னால் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளையாரை வைத்துவிட்டால் அப்புறம் எந்தத் தாசில்தார் கை வைப்பான்? தடம் காத்த பிள்ளையார் என்று பெயரும் வைத்து, காலையும் மாலையும் ஸ்பீக்கர் கட்டினார்கள்.

பிள்ளையார் பூசைக்கு எல்லோரும் நெருக்கியடித்து நின்று சுண்டல் வாங்கினார்கள். நின்ற கூட்டத்தில் "அது"வும் நின்று சுண்டல் வாங்கியிருக்கிறது. அடுத்த வாரத்தில் சந்தில் வீட்டுக்கு வீடு இருமல். ஆம்புலன்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது. இப்போது தகரம் அடிக்க ஆள் இல்லை, அடிக்கிறவருக்கே மூச்சு வாங்கியது.

தனி வார்டில் நாலே கட்டில். ஐந்தாவது ஆள் ஸ்ட்ரெச்சரில் வெளியே வெயிலில் கிடந்தது. அது பிரம்மநாயகம் ஆசாரி. டாக்டர் கபிலன் வீட்டைக் காட்டி, "கூடத்துல ஃபேன் இருக்குல்ல சிஸ்டர், அங்க போடுங்க" என்றார். சாராள் அசையவில்லை. கிளிப்பில் நம்பர் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்தாள், மஞ்சள் தண்ணீர் நினைவுக்கு வந்தது, நடுரோட்டில் கிடந்த குடம் நினைவுக்கு வந்தது. செத்தா சாவட்டுமே என்று தோன்றியது, நிசமாகவே தோன்றியது, அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அப்புறம் காந்திமதியிடம் போனாள். காந்திமதி அதற்குள் தேறி, ஜன்னலோரம் எழுந்து உட்காரும் அளவுக்கு வந்திருந்தாள்.

"அத்தை, வீடு உங்களுது. நீங்க சொல்லுங்க."

காந்திமதி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். "நோயாளிய நோயாளியாப் பாரு. போடு" என்றாள்.

போட்டாள். ஆசாரியை அடுத்துச் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாராள் அவர்களைத் திட்டிக்கொண்டே பார்த்தாள், "குப்புறப் படுய்யா, சுத்தியல் பிடிக்கத் தெரியுதுல்ல, படுக்கத் தெரியாதா?" என்று ஆசாரியைப் புரட்டிப் போட்டாள், ஊசியைக் கொஞ்சம் அழுத்தித்தான் போட்டாள், ஆனால் ஒரு வேளை மருந்து தப்பவில்லை, ஒரு சிலிண்டர் தீரவிடவில்லை, பீ மூத்திரம் அள்ள முகம் சுளிக்கவில்லை. காந்திமதி நடக்கத் தொடங்கியதும் அடுக்களையில் புகுந்துகொண்டாள். மிளகுரசமும் கஞ்சியும் பருப்புத் துவையலுமாக ஆவி பறக்க வந்தது. தட்டை ஒவ்வொருவர் பக்கத்திலும் வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். ஒருவரைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது ஆசாரிக்குத்தான் முதலில் உறைத்தது. காய்ச்சல் விட்டு உட்கார்ந்த அன்று, "மதினி, ரசம் பிள்ளைவாள் வைக்கிற மாதிரியே இருக்கு" என்று சிரித்துப் பார்த்தார். காந்திமதி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்சம் கழித்து ஆசாரி தள்ளாடி எழுந்து வாசலுக்குப் போய், நிலையில் துருத்திக்கொண்டிருந்த ஆணியைப் பிடித்து ஆட்டினார். அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அது கெடக்கட்டும் ஆசாரி. அடிச்ச கையே பிடுங்கிட்டா அடிக்கலன்னு ஆயிருமா?"

ஆசாரி கையை எடுத்துவிட்டார். அவள் அவரிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

குணமாகித் திரும்பிய சந்துக்காரர்களுக்குச் சந்து வாயில் ஆரத்தி எடுத்தார்கள், ஆசாரிக்கு மாலையே போட்டார்கள், எமனை ஜெயித்த மனுசன் என்று பேனர் வைத்தார்கள். எந்த அடுக்களையில் தின்று ஜெயித்தார் என்று பேனரில் எழுத இடமில்லையாம். காந்திமதிக்கு டிஸ்சார்ஜ் சொன்ன அன்று சாராள் சந்துக்குப் போய் நின்றாள். தான் சத்தியம் பண்ணிய இரண்டில் ஒன்று பாக்கி இருந்தது.

"அத்தை நாளைக்கு வாராக. வீடும் வரும். கொட்டகையைப் பிரிச்சு எடத்தைக் காலி பண்ணுங்க."

ஆசாரி கழுத்திலிருந்த மாலையை இன்னும் கழற்றியிருக்கவில்லை. கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "அது எப்படிம்மா முடியும்? கொட்டகைன்னா பிரிச்சிரலாம். பிள்ளையாரை எடுத்தா சாமிகுத்தம் ஆயிரும்லா?" என்றார். கூட்டத்தில் ஒருத்தி, "அந்த வீடு அங்கன இருக்கிறதே நல்லது, ஆஸ்பத்திரிக்கும் ஒத்தாசை" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப நல்ல மனசோடு ஆட்டினார்கள்.

"உங்களைப் பிழைக்க வச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று சாராள் சொன்னாள். சொல்லிவிட்டு, பாவம், அங்கேயே அழுதுவிட்டாள். அத்தையிடம் போய் என்ன சொல்வாள்?

ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. மறுநாள் காலையில் காந்திமதி வீட்டுக்குள் ஏறி மாடத்து விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்ததும், வீடு எழுந்தது. சிலிண்டரைச் சாத்தி வைத்த சுவரில் தடம் விழுந்திருந்தது, ஓடுகளில் பாதி உடைந்திருந்தது, ஆனாலும் வந்ததைவிட நிமிர்ந்து நடந்தது. வடகக்காரி இந்த முறை முன்கூட்டியே எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள். பெரிய ரோடு வழியாக, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, நல்லதண்ணிச் சந்து வாய்க்கு வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டகையைப் பார்த்தது, பிள்ளையாரைப் பார்த்தது, கைகட்டி நின்ற சனங்களைப் பார்த்தது. யாரும் நகரவில்லை.

வீடு அங்கேயே உட்கார்ந்தது. சந்து வாயில், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், ஒரு பூனை புகுந்து போகக்கூட இடம் விடாமல், தைத்து வைத்த மாதிரி பொருந்தி உட்கார்ந்தது. முன்வாசல் பெரிய ரோட்டைப் பார்த்து, புறவாசல் சந்துக்குள்ளே. முட்டுச்சந்துக்கு இருந்த ஒரே வாய் அது.

சந்துக்காரர்கள் மதிலேறிப் பார்த்தார்கள், மில்காரன் நாயை அவிழ்த்துவிட்டான். தாசில்தாரிடம் போனார்கள், "நோட்டீஸ் ஏற்கெனவே ஒட்டினதாக இருக்கே" என்றார். கடைசியில் வேறு வழியில்லை என்று ஆயிற்று. பாலுக்குப் போகிறவன், வேலைக்குப் போகிறவன், பிரசவத்துக்குப் போகிறவள், பொண்ணு பார்க்க வருகிறவன், பாடை தூக்குகிறவன், எவனாக இருந்தாலும் தாங்கள் தகரம் அடித்த வீட்டின் முன்வாசலில் ஏறி, கூடத்தில் நடந்து, அடுக்களையைத் தாண்டி, புறவாசலில் இறங்கித்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான்.

காந்திமதி தன் வாசற்படியில் உட்கார்ந்தாள். அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, ஆணி துருத்திய நிலைக்குக் கீழே, முன்பு போலவே காய் நறுக்கினாள். முதல் நாள் ஒருத்தி குடத்தோடு வந்து வாசலில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், காந்திமதி நிமிர்ந்து அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள், திரும்பவும் கத்தரிக்காயைப் பார்த்தாள். வழியை மறிக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை, ஏசவில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் சுருண்டு, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, திருடி போலக் கூடத்தைக் கடந்து ஓடினாள். அடுத்தவனுக்கும் அதேதான், அவனுக்கு அடுத்தவனுக்கும் அதேதான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, தினம் தினம், சொல்லாத வாசலை மிதித்துக்கொண்டு. சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போகப் பார்த்தார்கள். வாங்க வந்தவர்களும் அந்த வாசல் வழியாகத்தானே வர வேண்டும், வந்தவர்கள் காந்திமதி முகத்தைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே திரும்பினார்கள்.

பிரம்மநாயகம் ஆசாரி சில நாள் பட்டறையை விட்டு வெளியே வரவே இல்லை. மரம் தீர்ந்தது. போனார், வாங்கினார், தோளில் பலகையோடு சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் நின்றார். காந்திமதி அவரையும் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வெகுநேரம் நின்றார், தோளில் பலகை அழுத்தியது, "மதினி" என்றார், அவள் வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளினாள். தான் தணித்து வைத்த நிலைக்குக் கீழே, தான் அடித்த ஆணி உச்சந்தலையில் இடிக்காமல் இருக்க, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து ஆசாரி உள்ளே போனார். கூடத்தில் பாதி தூரம் போயிருப்பார், பின்னால் வாசலில் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு அவள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து சந்தின் கடைசி மதில்வரை எட்டுகிற மாதிரி அவள் குரல் கேட்டது.

"வா, உள்ள வா!"

ஆசாரி சட்டென்று திரும்பினார். அவர் முகம் அப்படி மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

வாசலில் சாராள் டியூட்டி முடிந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள். காந்திமதி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வா தாயி, காப்பி ஆறுது" என்றாள்.